கரண்ட் போகாத வாரம்

பெற்றீசியா ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து பென்ஷனில் வந்தவர். வேலையை விட்டு வருடங்கள் போன பிறகும் ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு இறங்கும் அந்த வீதியில் எல்லோருக்கும் அவர் ‘மிஸி’தான். கணவர் லியனார்ட் கட்டி வைத்துவிட்டுப் போன மாடி வீட்டின் கீழ்ப்பகுதி முன்பக்கத்தில் அவர் இருந்தார். மாடியில் பைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் றொக்சன். கீழே பின்பக்கத்தில், டயகம பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பிரதாப்பும் சண்முகவடிவும், அவர்களுடைய கைக்குழந்தையும்.

வாடகைக்கு விட்டால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று லியனார்ட் சொல்வார். உட்காரத்தான் முடியவில்லை. கூரைத் தகரத்தில் ஆணி கழன்றால் மிஸி, மாடிப்படிக் கைப்பிடி ஆடினால் மிஸி, கக்கூஸ் குழி நிறைந்தால் மிஸி. அந்த வருடம் ஆனியில் பிடித்த மழை ஆடியிலும் விடாமல் பெய்தபோது புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. கரண்ட் கசிந்தால் வீட்டுக் கரண்டை நிறுத்திவிடும் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே சுவரில் இருந்த அந்தப் பெட்டிதான் வீடு முழுவதற்கும் பொது. காலையில் விழும், சமைக்கும்போது விழும், றொக்சன் சட்டை அயர்ன் பண்ணும்போது விழும். ஒவ்வொரு தடவையும் மேலேயிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே நேரத்தில் “மிஸி!” என்று குரல் வரும். வலிக்கிற முழங்காலோடு போய் அவர் மேலே தள்ளிவிடுவார். எங்கேயோ ஈரத்தில் கரண்ட் கசிகிறது என்பது அவருக்குத் தெரியும். வயரிங் வேலை பார்க்கும் சிவசாமி பாஸுக்குப் போன் எடுப்பதே அவருக்குத் தினசரி வேலையாகிவிட்டது.

“நாளைக்குக் கட்டாயம் வர்றேன் மிஸி. மழைக்கு ஊரெல்லாம் இதே வேலைதான்.”

அந்த நாளை வரவே இல்லை.

பிறகு ஒரு வாரம் சுவிட்ச் விழவில்லை. மழை குறையவில்லை, பார்க்கப்போனால் கூடியிருந்தது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. பெற்றீசியா காலை நீட்டிக்கொண்டு வானொலி கேட்டார். பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தார். நனைந்த வயர் தானாகக் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சிவசாமிக்குப் போன் எடுப்பதையும் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், பின்பக்கச் சுவரைப் பார்த்து நின்றார். குளியலறைப் பக்கம் சுண்ணாம்பு உப்பி, தண்ணீர் கோடாக வடிந்துகொண்டிருந்தது. இவ்வளவு ஈரத்துக்கு அந்தச் சுவிட்ச் எப்படி விழாமல் இருக்கிறது? ஒரு வாரமாக அனுபவித்த நிம்மதி அப்போதுதான் அவருக்குப் பயமாக மாறியது.

பெட்டியைத் திறந்து சோதனைப் பொத்தானை அமுக்கினார். விழ வேண்டிய சுவிட்ச் விழவில்லை. கையாலேயே சுவிட்சைக் கீழே இழுத்தார். தலைக்கு மேலே பல்ப் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அவருக்கு வேலை நாட்களில் பார்த்த ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. ஈரக் கையோடு ஹீட்டரைத் தொட்டவள். வாட்டில் கிடத்தியபோதும் அவளுடைய வலக்கை விரல்கள் எதையோ பிடித்தபடியே மடங்கியிருந்தன. பெற்றீசியா மீட்டருக்குப் பக்கத்திலிருந்த மெயினைப் போய் அணைத்தார். வீடு இருண்டது. உடனே மேலேயிருந்து குரல் வந்தது. அவர் சிவசாமிக்குப் போன் எடுத்து, “இன்னைக்கு நீங்க வராட்டி நான் உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன்” என்று மட்டும் சொன்னார்.

சிவசாமி நனைந்துகொண்டே வந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“யாரோ சுவிட்ச சுத்தி வயர் இழுத்துட்டாங்க மிஸி. கரண்ட் இதுக்குள்ள வராமலே வீட்டுக்குப் போவுது. இது இப்ப சும்மா பொம்மை மாதிரி இருக்கு.”

கசிவும் அகப்பட்டது. பின்பக்கக் குளியலறைச் சுடுதண்ணீர் ஹீட்டருக்குப் போகும் வயர், ஈரச் சுவருக்குள்ளே உரிந்து கிடந்தது. எர்த் வயரும் கழன்றிருந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த சண்முகவடிவு மெதுவாகச் சொன்னாள். “குளிக்கிறப்போ பைப்பத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் மிஸி. குளிருக்கு அப்படி இருக்குதுன்னு நெனச்சேன்.”

“பிள்ளைய எங்க குளிக்க வார்த்தீங்க?” என்றார் பெற்றீசியா.

“அங்கதாங்க.”

பெற்றீசியா படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாலையில் பேக்கரியிலிருந்து பிரதாப் வந்தான். முடியில் மாவு ஒட்டியிருந்தது. வாசலிலேயே மனைவி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவன் மறைக்கவில்லை.

“நான்தாங்க வயர் போட்டேன். விடியமுன்னயே எழும்பி வேலைக்குப் போறேன். வீட்டுக்கு வந்தா கரண்ட் இல்ல. பிள்ளைக்குப் போத்தல் கழுவ சுடுதண்ணி இல்ல. பாஸ் வருவாரு வருவாருன்னு நீங்களுந்தான் சொன்னீங்க. வந்தாரா?” குரலை உயர்த்தியவன் குழந்தையைத் திரும்பிப் பார்த்தான். “அது பிள்ளையவே கொல்லும்னு எனக்குத் தெரியாதுங்க மிஸி.”

திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் பெற்றீசியாவுக்கு வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. “போய்ச் சாப்பிடுங்க” என்றார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை. பாதி வேலையில் விட அவர் மனம் ஒப்பவில்லை. வீட்டு வயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னார். சுவர்கள் உடைந்தன. சிமெந்துத் தூசி சோற்றில் விழுந்தது. பகலெல்லாம் கரண்ட் இல்லை. ஹட்டன் குளிரில் யாருக்கும் சுடுதண்ணீர் இல்லை. பெற்றீசியா தினமும் காலையில் காஸ் அடுப்பில் ஒரு பெரிய கேத்தல் தண்ணீர் வைத்துப் பின்பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார், பிள்ளைக்காக. றொக்சன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “கோவிச்சுக்காதீங்க மிஸி, எனக்கு ஒபிஸ் போகணும்” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் புதிதாகக் குடிபோன வீட்டின் வயர்களை யார் பார்த்திருப்பார்கள் என்ற கவலை பிறகும் அவருக்கு இருந்தது.

இத்தாலியிலிருந்து மகள் ஏஞ்சலா போனில் கத்தினாள். “அவங்கள மொதல்ல வீட்டவிட்டு எழுப்பிவிடுங்க மம்மி! வீட்டையே எரிச்சிருப்பாங்க!”

“எழுப்பலாம். அடுத்து வர்றவங்களுக்கு எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லணும். எனக்கு ஏலாது மகள்.”

வேலை முடிந்த அன்று சிவசாமி பெட்டிக்கு ஒரு பூட்டு போடச் சொன்னார். பெற்றீசியா பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஏதாவது நடந்தால் யாராவது ஓடி வந்து அணைக்க வேண்டும். அப்போது சாவி எங்கே என்று தேட முடியுமா?

“மறுபடி கை வச்சா?”

“வச்சா வச்சதுதான் பாஸ். நான் காவலுக்கு நிக்க முடியுமா?”

மாடி இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஆவணி பிறந்து வெயில் தலைகாட்டிய ஒரு பின்னேரம், அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டுச் சாய்ந்திருந்தார். கதவைத் தட்டினான் பிரதாப்.

“தூங்குறீங்களா மிஸி? எங்க காஸ் டியூப் ஓரத்துல வெடிச்ச மாதிரி இருக்குதுங்க. சிலிண்டர அடைச்சுட்டு வந்தேன். ஒருக்கா பாக்குறீங்களா?”

முன்பென்றால் அதன்மேல் டேப்பைச் சுற்றிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்திருப்பான். பெற்றீசியாவுக்கு எழுந்திருக்க மனமே இல்லை. உடம்பு முழுவதும் வலித்தது. கட்டிலுக்கடியில் காலால் செருப்பைத் தேடினார்.

“யன்னலத் தொறந்து விட்டுட்டீங்களா?”

“தொறந்துட்டேங்க. அவளும் பிள்ளையும் வெளிய நிக்கிறாங்க.”

“சரி, நடங்க. வர்றேன்” என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.