துக்க வீட்டுக்குக் கொடுத்த சாவி

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் நாலு கடைகள். என்னுடையது பாத்திரக்கடை, இருபத்திரண்டு வருஷமாக வாடகைக்கு இருந்தேன். பக்கத்தில் பீர் மைதீனின் தையல்கடை, அப்புறம் இன்னும் இரண்டு. எண்பத்து நாலில் ஊருக்கே ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. கட்டடத்துக்காரர் சண்முகையா மட்டும் அசையவில்லை. "நான் இருக்குத வரைக்கும் யாரும் காலி பண்ண வேண்டாம் வே" என்பார்.

ஆவணியில் அவர் செத்துப்போனார்.

மகன் மூக்காண்டி மெட்ராஸிலிருந்து வந்தான். மூன்றாம் நாளே யாரோ டேப் பிடித்து எங்கள் வாசலை அளந்தார்கள். வக்கீலிடம் ஓடினேன்.

"கோர்ட்டுக்குப் போகாம அவனால உங்களை வெளியேத்த முடியாது. சாவியை மட்டும் விட்றாதீங்க" என்றார்.

மற்ற மூவரிடமும் சொன்னேன். மூத்தவன் சொன்னால் கேட்காமலா? தலையாட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் மொட்டைத்தலையோடு மூக்காண்டி என் வீட்டு வாசலில் கைகூப்பி நின்றான்.

"அண்ணாச்சி, அப்பாவுக்குப் பதினாறாம் நாள் விசேஷம். வீட்டுல இடம் பத்தாது. நாலு கடையையும் ஒழிச்சுத் தந்தா அங்கன பந்தி போட்டுருவேன். சாமான் எல்லாம் நம்ம குடோன்ல இருக்கட்டும்."

துக்கக்காரன் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல எந்த வாய்க்கு வரும்? என் மனைவி முத்துத்தாய் கதவோரம் நின்று கண்ணால் எவ்வளவோ தடுத்தாள். நான் சாவியை நீட்டினேன். நான் கொடுத்ததைக் கேட்டு மற்றவர்களும் கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் என் கடைக்குள்ளேயே இலை போட்டுச் சாப்பிட்டேன். மானங்கெட்டவன், பாயசம் வேறு இரண்டு தரம் வாங்கினேன்.

மறுநாள் காலை நாங்கள் நால்வரும் போனபோது கூரைமேல் ஆட்கள் ஓடு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா இது? சாவியைக் கொடு" என்று கீழே நின்ற மூக்காண்டியிடம் கேட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி? நீங்களா மனசார ஒழிச்சுக் கொடுத்தீங்க. ஊரே உள்ள உக்காந்து சாப்பிட்டுருக்கு, அதைவிடச் சாட்சி வேணுமா?"

அவன் என் தோளில் கை போட்டு, மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்: "நீங்க பயப்படாதீங்க. பேசினபடி புதுக் கட்டடத்துல முதல் கடை உங்களுக்குத்தான்."

சத்தியமாக அப்படி ஒரு பேச்சே எங்களுக்குள் நடக்கவில்லை. திரும்பினேன். பீர் மைதீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்ற இருவரும் அவர் பின்னாலேயே போனார்கள்.