வில்லன் வேஷம் கட்டுகிற மாப்பிள்ளை

அவன் பாலை ஊதி ஆற்றிக் கொடுத்தான். அதில் விஷம் கலந்திருப்பது கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், கண் தெரியாத பெரியப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது. "சூடாக இருக்கிறது பெரியப்பா, மெல்லக் குடியுங்கள்" என்று சொல்லி, தன் மேல்துண்டால் அவர் வாயோரத்தைத் துடைத்தும் விட்டான். பெரம்பூர் ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற நாடகம் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில் கீற்றுக் கொட்டகை கொதித்தது, ஆனாலும் ஒருவர்கூட விசிறியை அசைக்கவில்லை. அந்தப் பாவியின் பெயர் தவசிமுத்து. என் தங்கை தேவகிருபைக்கு வந்திருந்த வரன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை அவனுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்து வருவது வழக்கம். வேலை செய்கிற இடத்தில் யாரோடு பேசுகிறான், டீக்கடையில் எப்படி நிற்கிறான் என்று விசாரித்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. நான் தண்டையார்பேட்டையில் பருப்பு மண்டி வைத்திருப்பவன், எதையும் லேசில் நம்ப மாட்டேன். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களையும் நான்தான் தட்டிக்கழித்தேன். ஒருவன் அதிகமாகச் சிரித்தான். இன்னொருவன் சிரிக்கவே இல்லை. தேவகிருபைக்கு இருபத்துநாலு முடிந்துவிட்டது. இதுவும் போனால் நாலாவது ஒன்று வருமா என்று அம்மா என் காதுபடவே ஜெபம் செய்ய ஆரம்பித்திருந்தாள். பட்டறை வாசலில் விசாரிக்கப் போனவனிடம், "ஞாயித்துக்கெழம நாடகத்துக்கு வா, அவன் யாருன்னு தெரியும்" என்றார்கள். புத்தி கெட்டுப்போய் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் என் அடுத்த கடைக்காரர் அமீருதீன். குடையும் டிரங்குப்பெட்டியும் விற்கிறவர்.

"மூணு வருசமா இவன் வேசத்துக்கோசரம்தான் வந்துகினு கீறேன் நைனா," என்றார். "ஹீரோ இன்னா பேசுவான்னு அவன் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. இவன் இன்னா பண்ணுவான்னு தெரியலியே."

அடுத்த காட்சியில் போலீஸ் வந்து வீட்டைச் சோதித்தது. விஷக்குப்பி தவசிமுத்துவின் இடுப்பு மடிப்பில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அவனைச் சுற்றிச் சுற்றி வர, ஐயோ, மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் திரும்பிப் போனதும் எங்கள் வரிசை முழுக்கப் பெருமூச்சு விட்டது. அதில் என்னுடையதும் ஒன்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தேன். கதாநாயகனுக்கு எல்லாம் இருந்தது, எதற்கும் ஏங்க வேண்டியதில்லை. இவன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு: தான் பிறந்த வீட்டில், பெரியப்பா தன்னைத் தள்ளி வைத்த மாட்டுக்கொட்டிலை விட்டு உள்ளே வந்து படுக்க வேண்டும். யுத்தம் முடிந்த வருஷம் சாத்தூரிலிருந்து வந்து, ஆறு வருஷம் யாரோ ஒருவர் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்த எனக்கு அந்த ஆசை தெரியும். ஆனால் அதனாலேயே சந்தேகம் இரண்டு மடங்கானது. கொலைகாரன் தப்பிக்க வேண்டும் என்று என்னையே நினைக்க வைத்தவன், என் தங்கையை எதைத்தான் நம்ப வைக்க மாட்டான்?

அடுத்த ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து, அவன் தன் சித்தப்பாவோடு பெண் பார்க்க வந்தான். வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் பட்டறை மசி. அம்மா காப்பி கொடுத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"இம்புட்டுக் கெட்டவனா நடிக்க எங்க படிச்சீரு?"

"கெட்டவன்னு நெனச்சு நடிச்சா சனம் சிரிக்கும் அண்ணாச்சி," என்றான். "அவனுக்கு அவன் பக்கம் ஒரு நியாயம் இருக்கும்லா? அத நான் நம்பிட்டேம்னா, பாக்கிறவங்க எம் பின்னாலயே வந்துருவாங்க."

அந்தக் கடைசி வார்த்தைகள் எனக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் வேஷம் கட்டக் கூடாது" என்றேன்.

"சரி அண்ணாச்சி. விட்டுருதேன்."

உடனே சொன்னான், நல்ல மிருதுவான குரலில். அவன் சித்தப்பாவே ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். அவன் சண்டை போட்டிருந்தால் நம்பியிருப்பேன். இவ்வளவு சுலபமாக விடுகிறவன் எதை விடுகிறான், எதை வைத்துக்கொள்கிறான்? இந்த வரனும் அவ்வளவுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன்.

அப்போது உள்ளறையிலிருந்து தேவகிருபையின் குரல் வந்தது. பெண் பார்க்க வந்த வேளையில் எங்கள் வீட்டுப் பெண்கள் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணே, அத இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தவசிமுத்து கதவுப்பக்கம் பார்த்தான். வாயைத் திறந்தான். "விட்டுரு..." என்று ஆரம்பித்தவனுக்கு மேலே வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான். கழுத்தில் வேர்த்திருந்தது.

"விட முடியுமான்னு தெரியல," என்றான். "வருசத்துக்கு ஒரு நாள். அந்த ஒரு நாள்தான் எல்லாரும் என்னப் பாக்காங்க."

இது நிஜமா, இல்லை முன்னதைவிடக் கெட்டிக்கார நடிப்பா? கழுத்து வேர்வையைப் பார்த்தேன். வேர்க்கவும் தெரிந்தவன்தானே என்று உடனே தோன்றியது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமலே தேவகிருபை வெளியே வந்தாள். முக்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு, கொட்டகையில் முன்வரிசையில் உட்காருகிறவளைப் போல உட்கார்ந்தாள். நான் இருந்த இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது. அவன் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.