குட்டிச் செருப்புத் தோரணம்

அந்தத் தோரணத்தைக் கட்டியவள் நான். என் வீட்டுக்காரர் தங்கராசு இல்லை. மற்றதெல்லாம் முன்னே பின்னே இருக்கலாம், வருஷம் ஆகிவிட்டது. இது மட்டும் மாறாது.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் எங்கள் கடை என்பது ஒரு கோணிச் சாக்கு. அதன் மேல் செருப்புகளை வரிசையாக வைத்து, மாட்டுக் கழுத்துப் பட்டைகளைச் சுருட்டி ஓரத்தில் அடுக்கி, சாட்டைகளைக் குறுக்கே கிடத்திவிட்டு அவர் பின்னால் குந்திக்கொள்வார். வருகிறவர்கள் நின்றபடியே பார்ப்பார்கள். பிடித்ததைக் காலால் காட்டுவார்கள். "அத எடு" என்று கால் கட்டைவிரல் நீளும். சிலர் அதே விரலால் பட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். யாரும் அதை மரியாதைக் குறைவாகச் செய்யவில்லை. பொருள் தரையில் கிடந்தது, காலுக்குத்தான் அது பக்கம்.

அவர் இதைப் பற்றி அதிகம் பேசினதில்லை. ஒருமுறை சந்தையிலிருந்து திரும்பி வரும்போது சொன்னார்.

"தையலு எவ்வளவு நெருக்கமா போட்டாலும் தெரியறதில்ல மீனா. கையில எடுத்தாதான தெரியும். காலுக்கு இன்னா தெரியும்?"

அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் செஞ்சியில் கைத்தொழில் பொருட்காட்சி ஒன்று நடத்தினார்கள். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து போட்ட கமிட்டி. அதற்குச் செயலாளர் ஜினசேனன் நயினார், சமணர். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கார்த்திகையிலேயே எங்கள் தெரு முனைக்கு வந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் போய் நின்றேன்.

"தங்கராசு, உனக்கு ஒரு ஸ்டால் ஒதுக்கியிருக்குது. பந்தல், மேசை, கரண்டு விளக்கு எல்லாம் கமிட்டி செலவு. நல்லா ஜோடிச்சு வெக்கணும்."

"மேசை மேலயே வெக்கலாங்களா நயினாரே?"

"மேசை மேலதான். செருப்பு மட்டும் கீழ இருக்கட்டும். வர்றவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க. பையி, பட்டை எல்லாம் மேல வெய்யி." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் தொட்டுப் பாக்க மாட்டேன், தப்பா எடுத்துக்காத. தோலு எங்களுக்கு ஆவாது" என்றார்.

"தானா செத்த மாட்டுத் தோலுதாங்க."

"செத்தாலும் அப்பிடித்தாம்பா. மாடு வந்து சொல்லுமா, தானா செத்தேன்னு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன் வெளியாள் யார் முன்னாலும் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் வேலை நடந்தது. செய்வது அவர், அடுக்கிப் பார்ப்பது நான். நயினார் கடையில் சேலையைக் கரை வெளியே தெரியும்படி மடித்துத் தொங்கவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் பட்டைகளைத் தையல் வெளியே தெரியும்படி தொங்கவிடலாம் என்று சொன்னேன். உடைந்த கட்டைவண்டியின் பலகைகளை வைத்து அவர் மூன்று படி கட்டினார். கைப்பைகள் சப்பையாகக் கிடந்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே வைக்கோல் திணித்தபோது ஒவ்வொன்றும் வயிறு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆமணக்கெண்ணெய் பூசினால் பளபளக்கும், ஆனால் தூசியும் ஒட்டும். ஆகவே பூசி, ஒரு நாள் விட்டு, பழந்துணியால் இரண்டு தரம் துடைக்க வேண்டும். கறுப்புப் பைகளுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி, பழுப்புப் பைகளுக்குப் பின்னால் என் கல்யாணத்துச் சிவப்புச் சேலை. இடம் மாற்றி வைத்தால் இரண்டுமே செத்துவிடும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. வைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி மாற்றினோம்.

நான் வல்லம் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். அட்டையை வெட்டி ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் எழுதினேன். 'மாட்டுக் கழுத்துப் பட்டை. செய்தவர் தங்கராசு.' அவருக்கு எழுத்துத் தெரியாது. "இதுல எங்க நானு?" என்று கேட்பார். காட்டுவேன். அடுத்த அட்டையிலும் கேட்பார்.

அப்போது எனக்கு ஆறாவது மாதம். வெட்டு மிச்சமாகத் துண்டுத் தோல்கள் நிறையக் கிடந்தன. பிறக்கப் போகிறதை நினைத்து, உள்ளங்கையில் பாதி இருக்கும்படி ஒரு ஜோடிச் செருப்பு வெட்டித் தந்தார். நான் ஓரத்தில் மஞ்சள் நூலால் தைத்தேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. இன்னொரு ஜோடி செய்தோம். கடைசியில் இருபத்தொரு ஜோடி ஆயிற்று.

பொருட்காட்சிக்கு முதல் நாள் போய் ஸ்டாலை அடுக்கினோம். எல்லா ஸ்டால் முகப்பிலும் மாவிலைத் தோரணம். நம்முடையது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மூங்கிலுக்கும் நடுவில் கயிறு கட்டி, மூன்று மாவிலை, ஒரு ஜோடிக் குட்டிச் செருப்பு, மறுபடி மூன்று மாவிலை என்று கோத்துக்கொண்டே போனேன்.

அவர் பார்த்துவிட்டு, "செருப்பு கீழ இருக்கணும்னு நயினாரு சொன்னாரே" என்றார்.

"இது செருப்பாய்யா? எவன் போட்டுக்கிட்டு நடக்கப் போறான்? பொம்மை."

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "செரி, நீ படிச்சவ" என்றார்.

சாயங்காலம் நயினார் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டால் முழுக்கப் பார்த்தார். "தோரணம் நல்லா இருக்குதே. யாரு யோசனை?"

"எங்க வீட்டுதுங்க."

"பரிசு கொடுக்கறதா இருந்தா இதுக்குத்தான் கொடுக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பொருட்காட்சியைத் திறந்து வைக்க ஒரு மிராசுதார் வந்தார். பெயர் எழுத மாட்டேன். நல்ல உயரம், தலையில் ஜரிகைத் தலைப்பாகை, கழுத்தில் கமிட்டி போட்ட சாமந்தி மாலை. நாடாவை வெட்டிவிட்டு ஒவ்வொரு ஸ்டாலாக வந்தார். பின்னால் பெரிய கூட்டம். எங்கள் முகப்புக்கு வந்ததும் நின்று பார்த்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. குனிந்து உள்ளே வந்தார். மேல் படியிலிருந்து ஒரு கழுத்துப் பட்டையைக் கையில் எடுத்தார். திருப்பினார். தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"மெஷின் தையலா?"

"கைத் தையலுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அட!" என்றார் மிராசுதார்.

அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது. பட்டையோடு வெளிச்சத்துக்கு வருவதற்காக அவர் பின்னால் நகர்ந்தார். தோரணம் தலைப்பாகையில் பட்டது. ஒரு குட்டிச் செருப்பு ஜரிகையில் சிக்கிக்கொண்டு நெற்றிக்கு மேல் ஆடியது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான்.

"கமிட்டி பூ மாலை போட்டுச்சு, இவன் செருப்பு மாலை போட்டுட்டான்டோய்!"

எல்லாரும் சிரித்தார்கள். கத்தினவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அவனும் கெட்ட எண்ணத்தில் கத்தியிருக்க மாட்டான், வாயில் வந்தது. அதுவரை அது தோரணம். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அது வேறு.

மிராசுதார் கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தார். மேசையில் இல்லை. தரையில்.

அவருடைய ஆள் கோவிந்தசாமி தோரணத்தை ஒரே இழுப்பில் மூங்கிலிலிருந்து பிடுங்கினான். "எவன்டா இத கட்டுனவன்?"

என் கையில் மிச்ச நூல்கண்டு இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்காததால்தான் பேசாமல் இருக்க முடிந்தது.

"நாந்தாங்க" என்றார்.

"எதுக்குடா கட்டுன?"

"அழகுக்குங்க."

"அழகுக்கா? செருப்புல இன்னாடா அழகு?"

மறுபடி சிரிப்பு. நயினார் முன்னால் வந்து, "ஐயா, தெரியாம செஞ்சிட்டான், விட்டுடுங்க" என்றார். மிராசுதார் நயினாரைத் திரும்பிப் பார்த்தார். நயினார் பின்னுக்குப் போய்விட்டார். தோரணத்தை மாலையாக முடிந்து என் வீட்டுக்காரர் கழுத்தில் போட்டார்கள். பொருட்காட்சியை ஒரு சுற்றுச் சுற்றி, பஸ் ஸ்டாண்டு வரை நடத்திக்கொண்டு போனார்கள். நான் ஸ்டாலிலேயே நின்றேன். பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள், கயிறு அறுந்து செருப்புகள் புழுதியில் விழுந்துவிடாமல் ஒரு கையால் மாலையைத் தாங்கிக்கொண்டே நடந்தாராம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். கத்தி பக்கத்திலேயே இருந்தது, எடுக்கவில்லை. மாவிலைகள் கசங்கிப் போயிருந்தன. எல்லாம் முடிந்த பிறகு, "முடிச்சு நல்லா போட்டிருக்க" என்றார். அதற்கு மேல் அந்தத் தோரணத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

எங்கள் சாமான்களை நயினார் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நீதான் கட்டுனன்னு எனக்குத் தெரியும்மா. அழகுக்குத்தான் கட்டுனன்னும் தெரியும். அங்க சொல்ல முடியல."

"எனக்கும் சொல்ல முடியலீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நான் அவர் கடை வழியாகப் போனால் அளந்துகொண்டிருக்கும் துணியிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். நானும் நிற்கமாட்டேன்.

சந்தையில் நாங்கள் சாக்கு விரித்தோம். நாலு வெள்ளிக்கிழமை ஒருத்தரும் நிற்கவில்லை. காலால்கூடக் காட்டவில்லை. ஐந்தாவது வாரம் அவர் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் இடம் ஒன்றில் வேலைக்குப் போனார். அங்கே தையல் கிடையாது. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட வேண்டும், மயிரைச் சுரண்ட வேண்டும். சித்திரையில் மகள் பிறந்தாள். வசந்தா என்று பெயர் வைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

அவருக்காகக் கடிதம் எழுதுவது அவரோடு வேலை செய்த செல்லப்பன். என் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுவதும் அந்த ஆள்தான், கொட்டகையில் எல்லார் நடுவிலும். ஒருமுறை 'அன்றைக்கு நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்' என்று எழுதினேன். அதைச் செல்லப்பன் உரக்கப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். கிழித்துவிட்டு, ஆடு குட்டி போட்டதை எழுதினேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் வந்தபோது நேரில் சொல்லியிருக்கலாம். வந்த களைப்பு போகட்டும், முதலில் சாப்பிடட்டும் என்று விடுவேன். சாப்பிட்டதும் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். விரல் நகங்கள் சுண்ணாம்பில் வெந்து வெளுத்திருக்கும். ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று.

அறுபத்தெட்டில், ஆவணி மாதம், தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினவர் மேலே வரவில்லை. விஷவாயு என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று எங்கள் தெரு இளைஞர் சங்கம் இரங்கல் கூட்டம் போட்டது. மைக்செட் கட்டியிருந்தார்கள். திண்டிவனத்திலிருந்து பாண்டுரங்கன் என்று ஒரு பேச்சாளர் வந்திருந்தார். அவருக்குத் தங்கராசுவைத் தெரியாது. பொருட்காட்சிக் கதையை மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஆண்டைகளின் தலைக்கு மேலே செருப்பைத் தொங்கவிட்டுக் காட்டிய மாவீரன் தங்கராசு! குனிந்து வா என்று கட்டினான், குனிய வைத்தான்! அந்த மாலையைக் கழுத்தில் போட்டபோதும் வெற்றி மாலையாகக் கையில் ஏந்தி நடந்தான்!"

கைதட்டல் எழுந்தது. வயசுப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அவரைச் சந்தையில் தெரிந்தவர்களும் தட்டினார்கள். ஐந்து வயது வசந்தா என் மடியில் உட்கார்ந்து, தன் அப்பா பெயரைக் கேட்டுக் கேட்டு அவளும் தட்டினாள்.

நான் எழுந்தேன். பேச விரும்புகிறேன் என்று நினைத்து மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"அத கட்டுனது நானு" என்றேன். "அவரு இல்ல. யாரையும் குனிய வெக்க கட்டல. மாவிலைக்கு நடுவுல வெச்சா நல்லா இருக்கும்னு கட்டுனேன். அழகுக்குத்தான் கட்டுனேன். நான் கட்டுனேன்னு அன்னிக்கு சொல்லாம வுட்டுட்டேன்."

என் குரல் ஒலிபெருக்கியில் தெருக் கோடிவரை போய்த் திரும்பியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் தெருச் செல்லம்மாள், "பாவம், புத்தி பேதலிச்சு பேசுது. உக்கார வெய்ங்கடா" என்றாள். பாண்டுரங்கன் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு இல்லை.

"கேட்டீர்களா தோழர்களே! கணவன் செய்த வீரச்செயலுக்காக இனி யாரும் அவன் குடும்பத்தின் மேல் பழி தீர்க்கக்கூடாது என்று, எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் இந்தத் தாய்! அழகுக்காகவாம்! செருப்பை யாராவது அழகுக்காகக் கட்டுவார்களா?"

முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். ஒருத்தி வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அடுத்து இரண்டு பேர் பேசினார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. குடித்தேன்.