நாற்பதாவது மூலை

போன வருஷத் திட்டத்தில், ‘காது கேளாமை குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்று எழுதியிருந்தேன். இந்த வருஷமும் அதையே எழுதிக் கொடுத்தேன். எங்கள் தொண்டு நிறுவனத்தின் செயலாளர் அம்மா அதைச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார்.

“ஏற்படுத்தினோமா இல்லையான்னு எப்படித் தெரியும்? ஒரு எண் சொல்லுங்க, ஒரு தேதி சொல்லுங்க. இல்லன்னா உங்க தகவல் தொடர்புப் பிரிவையே இழுத்து மூடிடலாம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “மாசக் கடைசிக்குள்ள நம்ம நோட்டீஸைப் பார்த்துட்டு நாற்பது பேர் காது பரிசோதனைக்கு வருவாங்க, போதுமா?”

வீராப்பு அத்தோடு நிற்கவில்லை. நோட்டீசின் மூலையைக் கிழித்துக் கொண்டுவந்தால்தான் கணக்கு, ஊழியர்களின் குடும்பத்தார் கணக்கில் சேரமாட்டார்கள் என்று இரண்டு விதிகளையும் நானே எழுதிக் கொடுத்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

வாசகத்தை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பா வைக்கும் டிவி சத்தத்தில் எங்கள் வீட்டுச் சுவர் அதிரும். தெருவே புகார் சொல்லும். பக்கத்து வீட்டு மாமா மட்டும் வாயே திறக்கமாட்டார், தங்கமான மனுஷர். அப்பாவிடம் சொன்னால், “எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கறீங்க” என்பார். மூன்று வருஷமாகக் கெஞ்சியும் பரிசோதனைக்கு வரவில்லை. அந்த எரிச்சலில் எழுதினேன்: ‘உங்களைச் சுற்றி எல்லாரும் முணுமுணுக்கிறார்களா? ஒருமுறை காதைக் காட்டுங்கள்.’

கடைசி நாள் மதியம் எங்கள் பரிசோதனை அறையில் வைத்திருந்த டப்பாவில் முப்பத்தொன்பது மூலைகள் இருந்தன. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன், கூடவா போகிறது?

நாலு மணிக்கு அப்பா வந்தார், கையில் கிழித்த மூலையோடு.

“இதை எழுதினவன் நம்ம வீட்டுக்குள்ள வந்து பார்த்திருக்கான்!” என்று கட்டடமே கேட்கச் சொன்னார்.

“எழுதினவளே நான்தான்ப்பா!” என்று நானும் கத்தினேன். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் விதி நினைவுக்கு வந்தது. “ஆனா உங்களைக் கணக்குல சேர்க்க முடியாதுப்பா! குடும்பத்துக்காரங்க!”

செயலாளர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “விதின்னா விதிதான்” என்றார்.

“அப்போ இவரைச் சேர்த்துக்கோ” என்று வாசலிலிருந்து ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார் அப்பா.

பக்கத்து வீட்டு மாமா!

“உங்க வீட்டு டிவி எனக்குத் தொந்தரவாவே இல்லையேம்மா,” என்று அவரும் கத்தினார், சட்டைப் பையிலிருந்து மூலையை எடுத்து நீட்டியபடி. “அதான் ஒரு சந்தேகம்.”