ஜின்செங் ஆய்வுக்கூடத்தில் பாதிப் பேர்

கொடைக்கானல் மலைச்சரிவில் இருந்த ஜின்செங் ஆய்வுக்கூடத்தில் மாத்திரைகளில் பாதி போலி. நடுநிலை கெடக்கூடாது என்பதால் ஆய்வாளர்களிலும் பாதிப் பேரைப் போலியாகவே வைத்திருந்தார்கள்.

மாத்திரை விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றில் ஜின்செங் வேரை இடித்த பொடி, இன்னொன்றில் அரிசி மாவு. நிறம், எடை, கசப்பு எல்லாம் ஒன்றுபோல. சோர்வு என்று வருகிற நோயாளிக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆனால் ஆய்வாளரின் முகத்தைப் பார்த்ததுமே நோயாளிக்குப் பாதிச் சோர்வு போய்விடுகிறது என்று யாரோ கண்டுபிடித்துத் தொலைத்தார்கள். அதிலிருந்து அறைக்கு இரண்டு ஆய்வாளர்கள், அதில் ஒருவர் போலி. பட்டம், நடை, இருமல் எல்லாம் அவருக்கும் உண்டு. உள்ளே மருந்து மட்டும் இல்லை. அது யார் என்று அவருக்கே தெரியாது. ஆய்வு முடிந்ததும் மிச்சமான போலி மாத்திரைகளோடு போலி ஆய்வாளர்களையும் வண்டியில் ஏற்றி மலையிறக்கிவிடுவது வழக்கம். இறங்கிப் போனவர்களை அவர்கள் வீட்டிலும் யாரும் தேடுவதில்லை.

நவமணி மூன்றாம் அறையில் இருந்தாள். அவளுக்கு ஜோடி இருதயராஜ். ஆய்வு முடிகிற நேரம் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவளுக்குத் தான் செய்வதெல்லாம் போலியாகப் பட்டது. வேரை எடுத்து முகர்ந்தால், முகர்கிற மாதிரி இருந்தது. நாடி பிடித்தால், நாடி பிடிப்பவள் எப்படிப் பிடிப்பாளோ அப்படியே பிடித்தாள். ஒரு பிழை கிடையாது. அங்கேதான் உதைத்தது. அரிசி மாவு மாத்திரைதான் எப்போதும் வடிவாக அமையும். ஜின்செங் மாத்திரை அச்சிலிருந்து வரும்போது ஓரத்தில் கொஞ்சம் உதிரும், அதைத் தேய்த்துச் சரிசெய்துதான் அறைக்கு அனுப்புவார்கள்.

இருதயராஜோ நாள் முழுக்க உதிர்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக் குடுவையை உடைப்பார், நோயாளியின் பெயரை மறப்பார், மதியம் வேர் ஊறுகிற தொட்டிக்குப் பக்கத்திலேயே குறட்டை விடுவார். நவமணிக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு மோசமாக வேலை பார்க்க ஒரு போலியால் முடியுமா? வேண்டுமென்றே செய்கிறாரோ என்று, அவர் தூங்கும்போது கிட்டத்தில் போய் மூச்சைக் கவனித்தாள். அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"நீங்க சாப்பிடறப்ப நானும் இப்படித்தான் வந்து பாப்பேன் மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொல்லி அழுதாள். அவள் கணவன் தனபாலன் ஏரிப்பக்கம் பேக்கரி வைத்திருந்தான். சின்ன வயதிலிருந்து அவனைப் பாடாய்ப் படுத்திய ஒற்றைத் தலைவலி கல்யாணத்துக்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

"நீ போலியாவே இருந்துட்டுப் போயேன், இப்ப என்ன? உன்னைக் கட்டுனதிலேருந்து எனக்குத் தலைவலி இல்ல. அது போதாதா?"

போதும் என்றுதான் அவளுக்கு இருந்தது. அவன்மேல் அவ்வளவு பிரியம் அதற்கு முன் வந்ததில்லை. அவன் சொன்னதை அவள் மனசோடு வைத்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும்.

கடைசி விசாரணைக்கு இயக்குநர் கோமளவல்லி இருவரையும் கூப்பிட்டார். இருதயராஜ் நாற்காலியைத் தவறவிட்டுத் தரையில் உட்கார்ந்ததும், அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். நவமணியிடம், அவளுக்குள் மருந்து இருப்பதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று விசாரித்தார். நவமணி தனபாலனின் தலைவலியைச் சொன்னாள்.

கோமளவல்லி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னை மாதிரியே இன்னொருத்திய அவர் கட்டியிருந்தாலும் தலைவலி போயிருக்குமா, போயிருக்காதா? அதைப் பாக்காம எப்படிம்மா சொல்றது?"

நியாயமான கேள்வி. ஜின்செங்கால்தான் குணமானேன் என்று சொல்கிற நோயாளிகளிடம் இத்தனை வருஷமாக அவளும் இதைத்தான் கேட்டுவந்தாள். அவளை மாதிரியே இன்னொருத்திக்கு ஏற்பாடு இன்றைக்கே ஆகிவிடும், அதைப் பார்க்கும்வரை மலையிறங்க வேண்டாம் என்று இயக்குநர் அனுப்பிவைத்தார்.

நவமணி வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் நவமணி ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். தனபாலன் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவி, அப்பளம் பொரித்தாள். இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். இருந்தவள் ரசம் ஊற்றினாள், வந்தவள் அப்பளம் வைத்தாள். தலைவலி எப்படி இருக்கிறது என்று இருவருமே கேட்டார்கள். அவன் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

அப்போது வந்தவளுக்கு இடப்பக்க நெற்றிப்பொட்டில் விண்ணென்று தெறித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இருந்தவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். வலி நின்றுவிட்டது.

வந்தவள் உள்ளே போய்த் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். மற்றவள் கூடமாட எடுத்துக் கொடுத்தாள்.

"ஸ்வெட்டர் வேணாம்" என்றாள். "கீழ வெக்கையா இருக்கும்."

நவமணி ஸ்வெட்டரைக் கொக்கியிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மூடினாள்.