தொள்ளாயிரத்து நாற்பது அடி

இரண்டே நாளில், இரண்டு சுடிதார் வாங்குகிற காசில், சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கிவிடலாம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னபோது தனப்பிரியா நம்பவில்லை. அது அவள் குற்றமில்லை. வீட்டு வளர்ப்பு அப்படி. அப்பா சின்னுசாமி சொசைட்டியில் பாலை இரண்டாம் தடவை அளக்கச் சொல்லுவார். அம்மா ஒரு தேங்காய் வாங்கக் கடையில் இருக்கிற தேங்காயை எல்லாம் தட்டிப் பார்ப்பாள்.

ஆனாலும் அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தாள். வேதியியல் படித்து முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு நேர்காணலுக்குப் போய், பதில் தெரிந்தும் வாய் வராமல் திரும்பியிருந்தாள். வாயைத் திறக்காமல் செய்கிற வேலை ஏதாவது வேண்டும்.

பெரிய விஷயத்தைத் தொடாதே என்றார் யூடியூப்காரர். சின்னதாக ஒன்றை எடு. எல்லாரும் கேட்கிற, யாரும் சரியாகப் பதில் சொல்லாத ஒரு கேள்வியைப் பிடி.

எலச்சிபாளையத்திலிருந்து மல்லசமுத்திரம் வரைக்கும் அப்படி இருப்பது ஆழ்துளைக் கிணறு பற்றிய ஒரே கேள்விதான். கல்யாணத்துக்குப் போனாலும் எழவுக்குப் போனாலும் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்பது: உங்க போர் எத்தனை அடிங்க?

சனிக்கிழமை காலை அந்தக் கேள்வியையே தளத்தின் பெயராக ஒரு வருஷத்துக்கு வாங்கினாள். 'எத்தனை அடி.' பக்கத்தின் அமைப்பு இலவசமாகக் கிடைத்தது. ஊர், ஓட்டிய ஆழம், தண்ணீர் வந்த ஆழம் என்று மூன்று கட்டங்கள், சொல்ல நினைப்பதைச் சொல்ல நாலாவதாக ஒன்று, கடைசியில் பெயரும் செல் நம்பரும். ஞாயிறு சாயங்காலம் தளம் திறந்துவிட்டது. காலிப் பட்டியலை யாரும் மதிக்கமாட்டார்கள், முதல் பத்து வரிகளை நீயே நிரப்பு என்று யூடியூப்காரர் சொல்லியிருந்தார். முதல் வரியில் அப்பா பெயரில் தங்கள் தோட்டத்தைப் போட்டாள். துளை போடுகிற ரிக் வண்டி வந்து ஓட்டியபோது அவள் பிளஸ் டூ ஹாஸ்டலில் இருந்தாள், அதனால் அப்பாவைக் கேட்டாள். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார், தொள்ளாயிரத்து நாற்பது. தண்ணி தொள்ளாயிரத்து இருபதில்.

பத்து நாளில் அறுபத்து மூன்று வரிகள் சேர்ந்தன. முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பதினோராம் நாள் நாலாவது கட்டத்தில் மட்டும் ஒரு செய்தி வந்தது. பெயர் இல்லை. செல் நம்பருக்குப் பத்துச் சுழியம்.

"முதல் வரி பொய்."

தனப்பிரியாவுக்கு உடனே சிவக்குமார் முகம்தான் வந்தது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட். ஒரே வாரத்தில் அவர் பைக் இரண்டு தடவை பக்கத்துத் தோட்டத்து வேப்பமரத்தடியில் நின்றது. பக்கத்துத் தோட்டம் வசந்தாமணி அத்தையுடையது. மாமா இறந்த பிறகு இரண்டு ஏக்கரையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள். கிணறு வற்றி மூன்று வருஷம். போர் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்குப் பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் ரஞ்சனி செல்போனில் 'எத்தனை அடி'யைக் காட்டியிருக்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் தொள்ளாயிரத்து நாற்பது என்றால் அந்தப் பக்கமும் அதுதானே. அவ்வளவு ஆழம் ஓட்ட என்னால் ஆகாது என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். நாமக்கல்லில் இருந்து வந்த கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் நிலத்தைக் கேட்டிருந்தார். வருகிற புதன்கிழமை அக்ரிமெண்ட்.

நிலம் கைமாறினால் சிவக்குமாருக்கு ஒரு போர் போச்சு. அந்த வயிற்றெரிச்சலில் அவர் எழுதியிருக்க வேண்டும். தனப்பிரியா அந்தச் செய்தியை அழித்தாள். அழித்த பிறகும் அது போகவில்லை. பொய் என்று எழுதினவர் சரியான அடியை ஏன் எழுதவில்லை? தெரியாமலா, தெரிந்து பயந்தா?

வேறொன்றும் உறுத்தியது. அத்தை நிலத்தை விற்கப் போகிறாள் என்று ஊரே பேசியபோது அப்பா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறவர்.

திங்கட்கிழமை அப்பா சந்தைக்குப் போன நேரம் பார்த்து மோட்டார் ரூமுக்குப் போனாள். ஸ்டார்டர் பெட்டிக்கு மேல் ஆணியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கும். எல்லாருடைய மோட்டார் ரூமிலும் தொங்குவதுதான். போர் ஓட்டும்போது துளைக்கிற இரும்புக் குழாய், ராடு, ஒன்று இறங்கினால் தோட்டத்துக்காரர் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைப்பார். ராடு ஒன்றுக்கு இருபது அடி. ரிக்காரன் சொல்கிற அடியை அப்படியே ஏற்கிற ஆள் அந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை. தண்ணீர் வந்ததும் கொட்டைகளை மஞ்சள் துணியில் முடிந்து, பூசை செய்து மாட்டிவிடுவார்கள். அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் தண்ணீர் போய்விடும் என்பார்கள்.

தனப்பிரியா ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாள். முடிச்சில் குங்குமம் கல்லாக இறுகியிருந்தது. அவிழ்த்துத் தரையில் ஐந்தைந்தாக அடுக்கினாள். தொள்ளாயிரத்து நாற்பதுக்கு நாற்பத்தேழு இருக்க வேண்டும். முப்பத்தொன்றுதான் இருந்தது. எலி தின்றிருக்குமா என்று துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். ஓர் ஓட்டை இல்லை. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்று. அறுநூற்று இருபது அடி.

அவள் நிமிர்ந்தபோது வாசலில் அப்பா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"அது ஊருக்குச் சொல்ற கணக்கு அம்மிணி," என்றார். குரலில் கோபம் இல்லை.

"எனக்குமுங்களா?"

"உனக்குச் சொன்னா என்ன, ஊருக்குச் சொன்னா என்ன. நீதான் தமுக்கு எடுத்துட்டயே."

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். மூன்று போர் வெறும் புழுதியாகப் போய் நாலாவதில் கிடைத்த தண்ணீர் அது. அடி தெரிந்தால் பக்கத்தில் போடுவார்கள். பக்கத்தில் போட்டால் இது வற்றும். எல்லாரும் இரண்டு மூன்று நூறு கூட்டித்தான் சொல்லுகிறார்கள், உன் அறுபத்து மூன்று பேரும் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்றார்.  அவ்வளவு பேரும் முகம் தெரியாமல் எழுதியது இதற்குத்தானா?

"அத்தை நிலத்தைக் குடுக்கப் போறாங்கப்பா. நம்ம வரியைப் பாத்துத்தான்."

அப்பா தரையில் கிடந்த கொட்டைகளைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"மாத்திக்கோ. நாளைக்கு நம்ம போரு வெறும் காத்தா ஊதுனா, அதையும் உன் பட்டியல்ல எழுதிக்கோ."

மாற்றுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் மாற்றியதை அத்தை பார்க்க வேண்டுமே. ரஞ்சனிக்கு அனுப்பினாள். அவள் பார்த்ததற்கான நீலக்குறி வரவே இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் வரை காத்திருந்துவிட்டு, மஞ்சள் முடிச்சைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வேலி தாண்டினாள்.

வசந்தாமணி சோளத்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். தனப்பிரியா செல்போனை நீட்டினாள். அத்தை தூரத்தில் பிடித்து வாசித்தாள். முகம் மாறியது.

"நேத்து வரைக்கும் தொள்ளாயிரத்து நாப்பது. ஒரே ராத்திரியில பூமி மேல ஏறி வந்துருச்சா?" என்றாள். "அந்தச் சிவக்குமாரு என்ன வாங்கித் தாரேன்னான் சாமி?"

பதில் தெரிந்தும் தனப்பிரியாவுக்கு வாய் வரவில்லை. இரண்டு நேர்காணலிலும் நடந்த அதே கதை. முடிச்சை எடுத்துத் தட்டுக் கட்டின் மேல் வைத்தாள். அவ்வளவுதான் முடிந்தது.

வசந்தாமணி அதைத் தொடாமல் சற்று நேரம் பார்த்தாள். அது என்ன, எங்கே தொங்கியது, அதைக் கழற்றினால் என்ன சொல்லுவார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவிழ்த்து எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது.

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தனப்பிரியா தலையசைத்தாள்.

புதன்கிழமை அக்ரிமெண்ட் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது வேப்பமரத்துக்குக் கிழக்கே ரிக் வண்டி கால் ஊன்றியது. ஒரு டம்ளர் நிறையப் புளியங்கொட்டையை வசந்தாமணி தனப்பிரியா கையில் கொடுத்தாள். ரிக்காரனையும் நம்பவில்லை, ஏஜெண்டையும் நம்பவில்லை, நீ எண்ணு என்றாள். தனப்பிரியா ராடுக்கு ஒன்றாக எடுத்து வலது கைக்குள் போட்டுக்கொண்டாள்.

சிவக்குமார் பக்கத்தில் வந்து நின்று, வேறெங்கோ பார்த்தபடி பேசினார். அந்த எழுத்து தான் போட்டதுதான், அவள் அப்பாவின் போருக்கு ரிக் பிடித்துக் கொடுத்ததும் தானே. ஒருத்தர் போர் ஆழத்தை இன்னொருத்தருக்குச் சொன்ன ஏஜெண்டை எவனும் தோட்டத்துக்குள் ஏற்றமாட்டான், அதனால்தான் அடியைப் போடவில்லை. "எனக்கும் ஒரு போரு கிடைச்சுதுங்க, இல்லைங்கல," என்று சிரித்தார். தான் சந்தேகப்பட்டதும் சரி, அவர் எழுதியதும் சரி என்பது தனப்பிரியாவுக்கு விநோதமாக இருந்தது.

வேலியோரம் அப்பா வந்து நின்றார். விடிந்ததும் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டிருந்தார். தொட்டியில் விழுகிற தண்ணீரின் சத்தத்தை ஒரு காதால் கேட்டுக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார்.

இருபது ராடு வரை வெள்ளைப் புழுதி. இருபத்தைந்திலும் புழுதி. வசந்தாமணி முகத்தில் மாவு பூசியது போல் அது படிந்திருந்தது. இருபத்தெட்டில் நிறுத்திவிடலாமா என்று டிரைவர் கேட்டார். அவள் தனப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில், விற்றிருந்தால் இந்நேரம் கையில் காசாவது இருந்திருக்கும் என்பது எழுதியிருந்தது. ஓட்டச் சொன்னாள்.

முப்பதாவது ராடு பாதி இறங்கும்போது புழுதி நிறம் மாறியது. பிறகு சேறாகக் கொப்பளித்தது. பிறகு வேப்பமரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் அடித்தது.

வசந்தாமணி நனைந்தபடியே நின்றாள். கும்பிட்டாள். அழுதாள். அதெல்லாம் முடிந்ததும் தனப்பிரியாவைத் தள்ளிக்கொண்டு போய்க் காதோரம் சொன்னாள்.

"சாமி, உன் செல்லுல நம்மளத எழுதுவயில்ல. எண்ணூத்தி அம்பதுன்னு போட்டுரு."

தனப்பிரியா அவளைப் பார்த்தாள்.

"மேக்கால கருப்பண்ணன் தோட்டம் இருக்குதே," என்றாள் அத்தை, இதுகூடவா தெரியாது என்பது போல.

கருப்பண்ணன் மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் பைக்கை நிறுத்தி, நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கு வேலியில் அப்பா. மறைக்கச் சொல்லி அத்தையும், தெரிந்துகொள்ளக் கருப்பண்ணனுமாக எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. கை வியர்த்து, கொட்டைகள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தன.

தனப்பிரியா கையை விரித்தாள்.

"முப்பதுங்க அத்தை," என்றாள். ரிக் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, இரண்டு வேலிக்கும் கேட்கும்படி. "நான்தானுங்க எண்ணுனேன்."

வசந்தாமணி அவள் விரல்களை மூடப் பார்த்தாள். கருப்பண்ணன் பைக்கை விட்டு இறங்கினார். அப்பா மட்டும் முகத்தைத் திருப்பி, தன் தொட்டியில் தண்ணீர் இன்னும் விழுகிறதா என்று காது கொடுத்தார்.