காகித உறையில் விதைகள்

என் அக்காவுக்குச் செடி என்றால் உயிர். மனிதர்கள் அதற்கு அப்புறம்தான். கூடவே இருந்து நொந்துபோனவள் என்பதால் எனக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு. சண்டை முற்றி நாங்கள் ஊரைவிட்டு ஓடிவந்த அன்று, லாரி முழுக்க அழுகையும் புலம்பலுமாக இருக்க, இவள் மட்டும் பாதையோரப் புதரைப் பார்த்து, "இது இவ்வளவு தாழ்வான இடத்துல வளராதே!" என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள்.

அங்கே அவள் பெரிய ஆள். தாவரவியலில் டாக்டர் பட்டம், சொன்னதைச் செய்ய ஆட்கள், மலையேற ஒரு ஜீப். இந்த நாட்டுக்கு வந்ததும் ஹோட்டலில் படுக்கை விரித்தாள். முதியோர் இல்லத்தில் தரை துடைத்தாள். அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. வயிறு எரிந்ததெல்லாம் எனக்குத்தான். அப்புறம் இந்தத் தாவரக் காப்பகத்தில் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. உலகம் முழுவதிலுமிருந்து வந்த காய்ந்த செடிகளைக் கெட்டித் தாளில் ஒட்டி அலமாரியில் அடுக்குகிற இடம். ஒட்டுவதுதான் அவள் வேலை. கீழே கேண்டீனில் எனக்கும் ஒரு இடம் பிடித்துக் கொடுத்தாள். அவள் மாடியில் பசையோடு மல்லுக்கட்டுவாள், நான் கீழே பாத்திரத்தோடு.

மாதக் கடைசியோடு அந்த வேலையும் முடிகிறது என்று சொல்லிவிட்ட சமயத்தில்தான் அந்தக் கட்டு அகப்பட்டது.

நிலவறையில் யாரும் பிரிக்காமலே போட்டுவைத்த பழைய கட்டு. பிரித்தால் உள்ளே எங்கள் ஊர்ச் செய்தித்தாள். அதன் ஓரத்தில் அக்காவின் கோழிக் கிறுக்கல். செடியைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தித்தான் காயவைப்பார்கள். அப்படி அவளே மலைச்சரிவில் பறித்து, காயவைத்து, ஒரு பிரதியை இங்கே அனுப்பியிருக்கிறாள். யாருமே அதுவரை பார்த்திராத புதுச் செடி. பெயர் வைப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. அவள் அலுவலகம் எரிந்தது. அந்த மலையும் குண்டு விழுந்து கருகிப்போனதாகச் சேதி வந்தது. உலகத்தில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

செடியோடு ஒரு சின்னக் காகித உறை. அதற்குள் விதைகள்.

காப்பகத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. வெயிலோ மழையோ குடையில்லாமல் வெளியே வரமாட்டார் என்பதால் கேண்டீனில் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர். அந்த மனிதர் குடையை மறந்துவிட்டுக் காப்பகத்தின் தோட்டத்துக்கும் மாடிக்குமாக ஓடினார். "அம்மா, இது மட்டும் முளைக்கட்டும்! உங்களுக்குத் தோட்டத்துலயே நிரந்தர வேலை. நான் பேசிட்டேன்," என்றார்.

நிரந்தர வேலை! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்கார அம்மாளிடம் போய், இனிமேல் வாடகை பாக்கி என்று எங்களைக் காலி செய்யச் சொல்லமுடியாது என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டும் வந்தேன். அக்கா மட்டும் வாயே திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், சாப்பிடமாட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மண்டு உண்டா?

விதைக்கிற அன்று காலையில் நானும் மாடிக்குப் போனேன். சலித்த மண் நிரப்பிய தட்டு தயாராக இருந்தது. குடைக்காரர் இடுக்கியை எடுத்து உறைப் பக்கம் கொண்டுபோனார்.

"வேண்டாம் சார்," என்றாள் அக்கா. "முளைக்காது. செத்த விதை அது."

"பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"நான்தான் கொன்னேன்."

அவர் இடுக்கியோடு அப்படியே நின்றார். அக்கா நிதானமாகச் சொன்னாள்: "நீங்க இங்க பூச்சிக்குப் பயந்து கட்டைக் குளிர்ப்பெட்டியில வைப்பீங்க. காஞ்ச விதை அதைத் தாங்கிடும். எங்க ஊர் ஈரத்துக்குக் குளிர்ப்பெட்டி மட்டும் போதாது, பூச்சி மறுபடி ஏறிடும். பாதரச விஷம் கலந்த ஸ்பிரிட்டுல முக்கி எடுத்துத்தான் காயவைப்போம். அவசரத்துல விட்டுடுறவங்க உண்டு. நான் விடமாட்டேன். விதைக்கு உள்ள வரைக்கும் விஷம் இறங்கட்டும்னு ராத்திரி முழுக்க ஊறவெச்சேன். அவ்வளவு ஒழுங்கு எனக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏன்க்கா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன? போட்டுட்டு, முளைக்கலைன்னா முளைக்கலைன்னு போறது! அதுவரைக்குமாவது உன்னை வேலையில வெச்சிருப்பாங்க இல்ல?"

"மண்ணுல போட்டா மக்கிடும்டி. இருக்கறதே இதுதான்."

"செத்த விதையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? பொட்டுன்னு நெத்தியில ஒட்டிக்கப் போறியா?"

அவள் உறையை எடுத்து மறுபடியும் கட்டுக்குள் வைத்தாள். குடைக்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "வேலைக்கு என்னால ஒண்ணும் செய்யமுடியாதும்மா. செடி இருந்தாத்தான் அந்தப் பணம் வரும்," என்றார். நல்ல மனிதர், இடுக்கியை மெல்லக் கீழே வைத்தார். "ஆனா மேசையும் பூதக்கண்ணாடியும் இருக்கு. நீங்க கண்டுபிடிச்சது. நீங்களே எழுதிப் பேர் வைங்க."

ஆக, சம்பளமில்லாத கௌரவம். படியில் இறங்கும்போது எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். இரண்டு நாள் அக்காவோடு பேசவும் இல்லை. பேசாமல் இருந்தது அவளுக்குத் தெரிந்ததா என்பதுகூடச் சந்தேகம்தான். அவள் பாட்டுக்குக் கையுறையை மாட்டிக்கொண்டு இலையை அளந்தாள், விதையைப் படம் வரைந்தாள்.

எழுதி முடிக்கிற அன்று சாப்பாடு கொண்டுபோனேன். குடைக்காரர் அவள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார். "எல்லாம் பிரமாதம். கடைசியில ஒரு வரி வேணும். இந்தச் செடி அழிந்துவிட்டதுன்னு போட்டுடலாமா?"

"போடக்கூடாது," என்றாள் அக்கா. அதுவரை அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"மலை கருகிடுச்சுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"கருகிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். நான் பார்க்கலை. பாறை இடுக்குல ஒண்ணு தப்பியிருக்கலாம். தேடிப் பார்க்காம செத்துப்போச்சுன்னு எப்படி சார் எழுதறது?"

"யாருக்கா தேடுவா?" என்றேன். "உன்னால அந்த மண்ணுல காலே வைக்கமுடியாது."

"என்னால முடியாது. யாராவது ஒருநாள் போவாங்க இல்ல? அவங்க கையில ஒரு செடி கிடைச்சா, அது இதுதானான்னு எதை வெச்சுப் பார்ப்பாங்க? இலையைப் பார்த்தா இதே மாதிரி ஆயிரம் இருக்கு. விதையில மட்டும்தான்டி இது வேற. அதனாலதான் தொடவேண்டாம்னேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன அழுகை இல்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கையுறையோடு கண்ணைத் துடைக்கப் போனவளின் கையைத் தட்டிவிட்டேன். "விஷம்க்கா!" என்று அதட்டி என் ஏப்ரனாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

குடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"தேடலைன்னே எழுதுக்கா," என்றேன். "இன்னும் யாரும் தேடலைன்னு எழுது. வீட்டை நான் பார்த்துக்கறேன்."